மௌஸ் யார் கையில்?

(கயத்தாறில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வகுப்பறைக்கு எந்த மென்பொருளை எடுக்கலாம், எதை விடலாம்னு பேசச் சொன்னாங்க. இது கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கென்னன்னு இருந்துவிட முடியாது. பாடப்புத்தகத்தில் யார் வரலாறு வரணும்னு சண்டை போட்ட நாம், திரையில் வருவதற்கு மட்டும் ஏன் வாய் மூடணும்?

நம்ம வட்டாரத்தையே பாருங்க. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாதுன்னு சாதி இந்துப் பெற்றோர் தடுத்தாங்க. அமைச்சரும் எம்.பி.யும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. தட்டில் இருக்கிற தீட்டு கீபோர்டில் மட்டும் இருக்காதா? ஒரு கம்ப்யூட்டர், மூணு பிள்ளைக. மௌஸ் யார் கையில் இருக்கும், யார் முதுகுக்குப் பின்னால் நின்னு எட்டிப் பார்ப்பான்னு நான் சொல்லணுமா? ஆக, முதல் கேள்வி இதுதான்: ஒருத்தன் ஓட்ட மத்தவங்க வேடிக்கை பார்க்கிற மாதிரி செஞ்சதா இந்த மென்பொருள்? இல்லே, முறை வச்சுப் பேர் சொல்லிக் கூப்பிடுமா? கூப்பிடாதுன்னா ஆசிரியர் கூப்பிடணும், கடிகாரத்தைப் பார்த்து.

அடுத்தது நாக்கு. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வச்சு வாசிப்பு மராத்தான் நடத்தினாங்க. பிள்ளை சத்தமா வாசிக்கும். செயலி கேட்டுத் திருத்தும். நல்ல விசயம்தான். ஆனா நம்ம சீமையில் மழையை 'மள'ன்னும் பழத்தைப் 'பளம்'னும்தான் பிள்ளை சொல்லும். அதைத் தப்புன்னு சொல்ற மென்பொருளா, புரிஞ்சுக்கிட்டு மேலே போற மென்பொருளா? வாத்தியார் தலையில் குட்டினது போதாதா? பெட்டியும் குட்டணுமா? இதை விளம்பரம் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. நம்ம தெருப் பிள்ளையை உட்கார வச்சு வாசிக்கச் சொல்லித்தான் பார்க்கணும்.

வீட்டுப்பாடம் செல்போனில் வருதுன்னா அதையும் கேளுங்க. 2017-18 தேசிய மாதிரி ஆய்வுப்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது நூற்றுக்கு 4.4இல். இணைய வசதி 14.9இல். அதுக்கு அப்புறம் போன் பெருகிடுச்சு, வாஸ்தவம். ஆனா அந்த ஒரு போன் காலையில் அப்பன் கூடவே வேலைக்குப் போயிடுதே! இணையம் இல்லாமலும் ஓடணும்.

காசு கொடுத்து வாங்குறதைப் பத்தி ரொம்பப் பேச வேண்டாம். வீடு வீடா வந்து கடன் போட்டு வித்த பைஜூஸ் மேல 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கிருச்சு. பக்கத்துக் கேரளத்தில் 2001இல் தொடங்கின ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில வருசத்திலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிருச்சு. ஜியோஜிப்ரா மாதிரி கணக்கு மென்பொருள் அங்கே அரசுப் பள்ளியிலேயே ஓடுது.

இன்னொண்ணு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவனைக் கூடப் படிச்சவனுகளே வீடு புகுந்து வெட்டின பிறகு, நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதிப் பத்தி இருக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. காகிதத்தில் கூடாதது திரையில் கூடுமா? மாணவன் பேரைத் தட்டினால் என்னென்ன வருது, அதை யார் யார் பார்க்கலாம்? தலைமை ஆசிரியரிடம் திறந்து காட்டச் சொல்லுங்க.

கேட்க நமக்கு உரிமை இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. நன்கொடைன்னு கம்பெனிக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாலும் சரி, நாலு நாள் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துன்னு சொல்லுங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு நம்ம தெருவிலிருந்து ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க, ஒண்ணு கட்டாயம் பொம்பளைப் பிள்ளையா இருக்கட்டும். முதல்ல அவங்க உட்காரட்டும்.