பறை தரும் பயிற்சி



பெருமுக்கல் வயல்களிலும் மரக்காணம் உப்பளங்களிலும் குனிந்து உழைத்தவர் நாம். இன்று நம் பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர். ஆயினும் நேர்முகத் தேர்வில் அதிகாரி வினவுங்கால் தலை கவிழ்கின்றனர். அது அறிவின் குறையன்று, தலைமுறைகளின் சுமை.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா அவர்கள் 1990-ஆம் ஆண்டு நிறுவிய சக்தி கலைக்குழு, படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்களுக்குத் தையலோடு பறையாட்டமும் கற்பித்து வந்துள்ளது. இழிவெனப்பட்ட பறையை அவர்கள் மேடையேறித் தலைநிமிர்ந்து முழக்கினர்.

பறை நமக்குக் கற்பிப்பது யாது? ஒருவர் அடவு தவறினால் குழுவே தடுமாறும். ஆதலின் பிறரைக் கவனிக்கக் கற்கின்றோம். தோலைத் தீயில் காய்ச்சினால்தான் ஒலி கணீரென எழும். ஆதலின் முன்னரே வந்து ஆயத்தமாகின்றோம். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் இணைந்தாலன்றி இசையில்லை. தொழிலகங்கள் வேண்டும் பண்புகளும் இவையே.

எனினும், சாவு வீட்டில் பிறர் ஏவ அடித்த பறை வேறு; நாமே விரும்பி அடிக்கும் பறை வேறு. அவ்வாறே அடிமைப் பணிவு வேறு, பணிப்பண்பு வேறு. வேலையைச் செவ்வனே செய்வோம். கூலி குறைந்தால் நிமிர்ந்து கேட்போம். இரண்டிற்கும் வேண்டிய குரலை நம் சங்க முற்றத்தில் பறையோடு பயில்வோம்.