பூக்கட்டும் விரல்களிடம் படிக்கும் படிப்பு

 பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில், அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சு ஓயாது. ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரம் போகவேண்டாம், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்திலேயே இருக்கிறது. பக்கவாதமோ விபத்தோ பிறவிக் குறைபாடோ ஒருவரை முடக்கிப் போட்டால், குளிப்பது, உடுத்துவது, பிழைப்பைப் பார்ப்பது எல்லாவற்றையும் அவர் தாமே செய்ய வழி காண்பதுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான எங்கள் வேலை.

உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் மற்ற மருத்துவப் படிப்புகளில் உள்ளவைதான். எனக்கு உயிரான பாடம் ஆக்டிவிட்டி அனாலிசிஸ். ஒரு வேலைக்கு எந்த விரல், எந்த மூட்டு, எவ்வளவு பலம், எவ்வளவு கவனம் வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது.

பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா எங்களிடம் வந்தார். கண்ணாடி கிழித்ததில் இடது மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்திருந்தார்கள். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வரவில்லை; விரல் நுனிகளில் உணர்ச்சியும் இல்லை. கடைசி ஆண்டு மாணவி ஒருத்தி, "என்ன பயிற்சி கொடுக்கலாம் மேடம்?" என்றாள். "முதல்ல நீ பூக்கட்டக் கத்துக்கோ" என்றேன்.

அந்த அம்மாதான் குரு. "நாரை வெடுக்குன்னு இழுக்காத பாப்பா, காம்பு அறுந்துடும்!" இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்புகளை இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, வலது கை நாரைச் சுற்றிச் சுருக்குப் போட்டு இழுக்கும். அப்போது இடது பிடி துளி இறுகவேண்டும். கூடினால் மொட்டு நசுங்கும். மரத்த விரலுக்கு அந்த அளவு தெரியாது, கண்தான் சொல்லவேண்டும். கட்டிப் பழகிய பிறகுதான் மாணவிக்கு இது பிடிபட்டது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அந்தக் கையிலேயே வைத்து வளைத்து, கட்டைவிரலை எதிரே நிறுத்தும் ஸ்ப்ளின்ட் செய்தாள். தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், நேயர்களே. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தடித்த கயிறும் துணிப்பூவும் முதலில், பிறகு சாமந்தி, அப்புறம்தான் மல்லி. மொட்டு நசுங்காமல் ஒரு முழம் கட்டிய அன்று, "இது விக்கிற பூ" என்றார் அந்த அம்மா. எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் எனக்கு இதற்கு ஈடில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் ரயில் ஏறும் நேயர்களுக்கு ஒரு செய்தி. 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. காற்று, ஓய்வு, உணவுதான். இங்கிலாந்தில் இதுபோன்ற காசநோய்ச் சானடோரியங்கள் சிலவற்றில் தேறியவர்களுக்கு உடற்பயிற்சியாக வேலையையும் அளந்து கொடுத்தார்கள். எங்கள் துறையின் வேர்களில் ஒன்று அந்த வேலைப் பயிற்சியில் இருக்கிறது. 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கான முதல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் காசநோயில் வாடியவர். இந்தியாவில் 1950இல் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர்.

மனநலம், குழந்தைகள் சிகிச்சை, வீட்டுக் கழிப்பறையையும் சமையலறையையும் நோயாளிக்கு ஏற்ப மாற்றுவது என்று சொல்ல நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. நோயாளிகளோடு களப்பயிற்சி மட்டும் குறைந்தது 1000 மணி நேரம் வேண்டும் என்கிறது எங்கள் துறையின் உலகக் கூட்டமைப்பு. விண்ணப்பம் போடுமுன் பிள்ளையும் பெற்றோரும் அனுமதி கேட்டு ஒரு சிகிச்சைக்கூடத்தில் அரைநாள் உட்கார்ந்து பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து நாலு பிள்ளைகளாவது இந்த ஆண்டு வருவார்கள் என்று நம்புகிறேன்.