ஜெராய் மலைக்குப் போகுமுன்



நம் பத்து காவான் இளைஞர்கள் அடுத்த மாதம் ஜெராய் மலை ஏறப்போகிறார்களாம். மகிழ்ச்சி. கடாரம் தேடி வந்த மாலுமிகளுக்குக் கரைகாட்டிய மலை அது. ஆனால் உயரம் 1,217 மீட்டர். நம் கொடிமலையோ 833தான்.

உங்கள் திட்டத்தைப் பார்த்தேன். பிரியாணிப் பொட்டலம், கேமரா எல்லாம் இருக்கிறது; திரும்பும் நேரம் மட்டும் இல்லை. வாத்தியார் கண்ணுக்கு விடுபட்டதுதான் முதலில் தெரியும்!

விடியுமுன் புறப்படுங்கள். மழையில் பாறை வழுக்கும். அதைவிட ஓடை பொல்லாதது. உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது. 2021 ஆகஸ்ட் 18-இல் மரமும் பாறையும் சேற்றோடு இறங்கி, யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோயின. நீர் திடீரெனக் கலங்கினால் பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

பணியில் இருந்தபோது நானும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். மேகம் கறுத்ததும், உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பிவிட்டேன். ஒரு மாணவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இன்று அவன் மகன் உங்கள் பட்டியலில் இருக்கிறான்.

ஆகவே, "திரும்புவோம்" என்று சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் இன்றே கொடுங்கள். அவர் சொன்னால் மறுபேச்சு கூடாது. பெயர்ப் பட்டியலையும் இறங்கும் நேரத்தையும் ஆலய அலுவலகத்தில் எழுதி வையுங்கள். நீங்கள் வந்து சேரும்வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.