தாங்கி நிற்கும் நாதம்

'ஒத்து ஊதுகிறான்' என்னும் தொடர் தமிழ்ப் பேச்சு வழக்கில் ஏளனத்துக்கு உரியது. சொந்தக் கருத்து இல்லாதவன், பிறர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவன் என்பதே அதன் பொருளாக வழங்கி வருகின்றது. ஆனால், கோயில் வீதியிலே நாதசுர மேளத்தை நின்று கேட்ட முதியோர் வேறொன்றையும் அறிவர். நாதசுர வித்துவான் இராகத்தை விரித்துச் செல்லும்போது, அவருக்குப் பின்னால் ஒருவர் கன்னம் புடைக்க ஒரே சுரத்தை விடாது ஊதிக்கொண்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. அவர் முகத்தை எவரும் பார்த்ததில்லை. அவருக்கெனத் தலையாட்டியவரும் இல்லை. எனினும், அவர் மூச்சுத் தளர்ந்தால் முன்னால் நிற்பவரின் சுரம் நிலையிழக்கும். பின்னர் சுருதிப் பெட்டி வந்து அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏளனச் சொல் மட்டும் மொழியிலே தங்கிவிட்டது.

இன்றைய மெல்லிசைக் குழுக்களில் ஒத்துக்காரர் நின்ற இடத்திலே பேஸ் கிற்றார் வாசிப்பவர் நிற்கின்றார். திருமண மண்டபத்திலும் திருவிழா மேடையிலும் பாடுவோரை எல்லாரும் அறிவர். பேஸ் வாசிப்பவரை அறிந்தவர் சிலரே. ஆயினும், இவருடைய பொறுப்பு ஒத்துக்காரரின் பொறுப்பிலும் பெரிது. சுருதிக்கு நிலம் அமைப்பதோடு தாளத்தையும் சேர்த்துத் தாங்குபவர் இவரே. ஆதலின், இப்பணியை மேற்கொள்ள விரும்பும் இளைஞர், கருவியைப் பற்றியும் மேடை ஒழுங்கைப் பற்றியும் சிலவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

இக்கருவி பிறந்த கதை வானொலி நேயர்களுக்கு உவப்பானது. கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தும் கடை நடத்தி வந்தவர் லியோ பெண்டர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால், வாசிப்போரின் குறைகளைப் பொறுமையோடு கேட்கத் தெரியும். அக்காலத்தில் இசைக்குழுக்களின் கீழ்ச்சுரங்களை இசைத்தது, ஆளுயரம் நிற்கும் பெரிய தந்தி வாத்தியம். அதைச் சுமப்பதும் கடினம். மற்றை வாத்தியங்களின் ஓசைக்கு நடுவே அது கேட்பதும் அரிது. 1951ஆம் ஆண்டிலே பெண்டர், தோளில் மாட்டி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 34 அங்குல நீளமுள்ள நான்கு தந்திகளும், சுரத்தானங்களைப் பிசகாது காட்டும் உலோகக் கட்டைகளும் அதில் இருந்தன. அத்துல்லியத்தைக் குறித்தே அதற்குப் 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். அதன் மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கின்றது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிற்றார்கள் இதே அளவையும் சுருதியையும் பின்பற்றுகின்றன.

மேடைக்கு வேண்டிய ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குகின்றது. இக்கருவியின் நிறை எட்டு முதல் பத்து இறாத்தல் வரை இருக்கும். ஒடுங்கிய வாரிலே அதை மூன்று மணி நேரம் சுமந்தால் தோள் மரத்துவிடும்; விரலும் சோரும். அகன்ற தோல்வார் வாங்குவது வீண் செலவன்று. வீட்டிலே நாற்காலியில் இருந்து பயின்றவர் மேடையில் நின்று வாசிக்கத் தொடங்கியதும் தடுமாறுவதுண்டு. இருந்தாலும் நின்றாலும் கருவி ஒரே உயரத்தில் அமையும்படி வாரைச் சரிசெய்து, நின்றபடியே பயில வேண்டும்.

பைக்குள் இருக்க வேண்டியவை சில: மாற்றுத் தந்திகள் ஒரு தொகுதி, இணைக்கும் வயர் இரண்டு, சுருதி பார்க்கும் சிறு கருவி, மாற்று உருகி, கைவிளக்கு. பேஸ் தந்தி அறுவது அரிது. அறுந்தாலோ, அயலிலே இரவல் வாங்க இயலாது. கருவிக்குள் 9 வோல்ற்று மின்கலம் இருப்பின், வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுதல் வேண்டும். வயர் செருகியிருக்கும் வரை மின்கலம் கரைந்துகொண்டேயிருக்கும். முதல் நாள் மறந்து விட்டவர், மறுநாள் பாட்டின் நடுவே கருவி மெலிந்து ஓய்வதைக் காண நேரிடும்.

அம்பிளிபயர் வாங்குவோர் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். கீழ்ச்சுரங்களை உரக்க ஒலிக்கச் செய்வதற்கு மேற்சுரங்களைக் காட்டிலும் பன்மடங்கு வலு தேவை. அறைக்குள் நிறைவாக ஒலிக்கும் 30 வாற்று அம்பிளிபயர், மேடையிலே ட்றம் முழங்கத் தொடங்கியதும் இருந்த இடம் தெரியாது போகும். சிறியதை முழு வலுவில் கதற விடுவதிலும், 200 அல்லது 300 வாற்று அம்பிளிபயரை அமைதியாக இயக்குவதே நன்று. 8 ஓம் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இணைத்தால் தடை 4 ஓமாகக் குறையும். அதற்குக் கீழே செல்லக்கூடாது என்று அம்பிளிபயரில் எழுதியிருப்பின், மூன்றாவது பெட்டியை இணைப்பது அதனை எரிப்பதற்கு ஒப்பாகும். கிற்றார் வயரும் ஒலிபெருக்கி வயரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஒன்றின் பணிக்கு மற்றதைப் பயன்படுத்துதல் ஆகாது.

மண்டபத்தை அடைந்ததும் முதலிற் பார்க்க வேண்டியது ஓசையை அன்று, மின்சாரத்தை. கிற்றாரின் தந்திகள் வயர் வழியாக அம்பிளிபயரின் 'எர்த்' இணைப்போடு தொடுக்கப்பட்டுள்ளன. வாசிப்பவரின் விரல் எந்நேரமும் அத்தந்தியின் மேல் இருக்கின்றது. எதிரே உள்ள ஒலிவாங்கியில் பழுது இருந்து, அதை அவர் மறு கையாலோ உதட்டாலோ தொடுவாராயின், மின்சாரம் அவர் உடலின் ஊடாகவே பாயும். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரத்து மேடையொன்றிலே லெஸ்லி ஹார்வி என்னும் கிற்றார்க் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிரிழந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27.

இலங்கையில் வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் வருவது 230 வோல்ற்று மின்சாரம். அம்பிளிபயரில் இரைச்சல் கேட்கின்றது என்பதற்காகப் பிளக்கின் மூன்றாவது முள்ளைக் கழற்றுவதும், எர்த் கம்பியை வெட்டிவிடுவதும் ஆங்காங்கே நிகழும் செயல்கள். இரைச்சல் ஒருவேளை நிற்கலாம். அதனோடு உயிருக்கிருந்த காவலும் நீங்கிவிடும். இரைச்சலை நீக்குதற்கென்று பாதுகாப்பான ஆளியோடு கூடிய இணைப்புப் பெட்டிகள் கிடைக்கின்றன. மேடையிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தல், ட்றிப் சுவிட்ச் இயங்குகின்றதா எனப் பார்த்தல், மழை பெய்த தரையிலே வெறுங்காலுடன் நில்லாமை, ஐயம் எழுந்தால் மின்வினைஞர் வந்து சோதிக்கும்வரை கருவியைத் தொடாமை ஆகிய நான்கையும் விதியாகக் கொள்ளல் வேண்டும். விழா நடத்துவோர் அவசரப்படுத்தினாலும் இவ்விதியைத் தளர்த்துதல் தகாது.

அடுத்தது ஓசை. வீட்டிலே தனியே வாசிக்கும்போது, கீழ்ச்சுரத்துக்கான திருகியை முழுவதும் திருப்பி, அதன் அதிர்விலே மகிழ்வது இளைஞர் இயல்பு. மேடையில் அதே ஓசை, பானைக்குள் பேசுவது போலக் குழம்பிப்போகும். சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி, செக்கனுக்கு 41 தடவை அதிரும் சுரத்தை உள்ளபடி தர வல்லதன்று. எனினும், அச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேலதிர்வுகளைக் கொண்டு, கேட்போரின் செவி அதனை இனங்கண்டு கொள்கின்றது. ஆகவே, பேஸ் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின் நடுச்சுரத்துக்கான திருகியைச் சற்று உயர்த்துதல் பயன் தரும். பெட்டியைச் சுவரின் மூலையில் வைத்தால் கீழ்ச்சுரம் மிகும். காலடியில் வைத்தாலோ, தெளிவான பகுதி முழங்காலுக்குப் போய்ச் சேருமேயன்றிச் செவிக்கு எட்டாது. ஒரு நாற்காலியின் மேல் உறுதியாக வைத்தாலே வேறுபாடு புலப்படும். நிகழ்ச்சிக்கு முன் வேறொருவரை வாசிக்கச் செய்து, மண்டபத்தின் கடைசி வரிசை வரை நடந்து கேட்பது மிகச் சிறந்த சோதனை.

இனி, வாசிப்பு. பேஸ் வாசிப்பவரின் கண் பாடகரின் மேலன்று, ட்றம் வாசிப்பவரின் வலக் காலின் மேலேயே இருத்தல் வேண்டும். அக்காலால் அடிக்கும் பெரிய ட்றமும் பேஸின் சுரமும் ஒரே கணத்தில் விழுமாயின், இரண்டும் ஒரு வாத்தியம் போல ஒலிக்கும். கேட்போரின் பாதம் தானாகவே தாளமிடும். சுரத்தை எப்போது தொடங்குவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் கலையே. பல சுரங்களை விரைந்து வாசிக்க வல்லவர் பலர். வேண்டாத இடத்தில் கையை அடக்கி நிற்க வல்லவரே குழுவுக்கு உறுதுணை. ஒவ்வொரு பாட்டின் தொடக்கமும் முடிவும் மனப்பாடமாக இருத்தல் நலம்; நடுவில் நேரும் பிழையைப் பலர் கவனியார், முடிவில் நேரும் பிழையை எல்லாரும் கவனிப்பர். சுரம் பிழைத்தால் முகத்தைச் சுளித்து நிறுத்தாது, தாளத்தை விடாது, சரியான சுரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். பாடகர் தொண்டைக்கட்டினாலே சுருதியை இறக்கக் கேட்டால், அதற்கு முணுமுணுப்பதும் ஆகாது.

செவியைக் காத்தலும் இத்தொழிலின் கடமைகளுள் ஒன்று. 85 டெசிபல் அளவான ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஓசை 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். இக்கணக்கின்படி 100 டெசிபல் ஓசைக்கு உரிய நேரம் 15 நிமிடமே. மேடையோசை இவ்வளவை எளிதில் எட்டிவிடும். உரத்த ஓசையாற் கெட்ட செவியுணர்வு மீளாது. ஆகையால், இசைக்கலைஞர்க்கென அமைந்த செவியடைப்பான்களை அணிவதில் நாணம் கொள்ள வேண்டியதில்லை.

இத்துணையும் செய்தவருக்குக் கிடைக்கும் பரிசு யாது? ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரின் வாழ்வு அதற்கு ஒரு விடை. 1936ஆம் ஆண்டிலே தென் கரோலினாவிற் பிறந்த அவர், டெட்ரோயிற் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக்களுக்கு 1960களில் பேஸ் வாசித்தார். வலக்கையின் ஒரே விரலால் தந்தியை மீட்டுவது அவர் வழக்கம். தந்திகளையும் அவர் எளிதில் மாற்றுவதில்லை. அவ்வழக்கத்தைப் பார்த்துப் பழந்தந்தியைப் போற்றுவோர் உளர். ஆனால் அவ்வோசை பிறந்தது தந்தியின் பழமையில் அன்று, அவருடைய செவியிலும் விரலிலுமே. உலகெங்கும் அப்பாடல்கள் ஒலித்தன. எனினும், அவ்விசைத்தட்டுக்களின் உறைகளிலே அவர் பெயர் இடம்பெறவில்லை. 1971இல் மார்வின் கேய் வெளியிட்ட இசைத்தட்டின் உறையிலேதான் அது அச்சேறியது. 1983இல், 47ஆம் வயதில் அவர் காலமானார். 2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றொக் இசைப் புகழ் மண்டபம் அவருக்கு இடமளித்தது. மரியாதை வந்து சேர்ந்தபோது அதைப் பெறுதற்கு அவர் இருக்கவில்லை.

மேடையில் ஒளி முன்னால் நிற்பவர் மீதே விழும். அதை மாற்றுதல் இயலாது. ஆனால், பின்னால் நிற்பவரின் பெயரையும் நிகழ்ச்சி முடிவிலே ஒருமுறை சொல்வதற்கு அரை நிமிடமும் செல்லாது. ஒத்து ஊதியவரின் பெயரைக் கேட்டறியாது விட்ட தவற்றை இன்னொரு தலைமுறையும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு பாட்டு நெஞ்சைத் தொடும்போது, கேட்போர் சற்றே செவியைத் தாழ்த்திக் கேட்பாராக. அடியிலே ஒருவர் தாங்கி நிற்பது அவர்களுக்குக் கேட்கும்.