வெள்ளைக் கொக்குக்குத் தினைப்புனத்தில் என்ன வேலை?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பாட்டில் என்ன ஐயா இருக்கிறது, பொழுதுபோக்குத்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டுப் பாடியதற்காகவே பலமுறை சிறை சென்ற ஒருவரை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவர்தான் தியாகி விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில், முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். மேடையில் அவர் முருகன். ஆனால் சாதியைச் சொல்லி அவருடன் வள்ளியாக நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். துணிந்து நடித்தவர் கே.பி. ஜானகி அம்மாள். பிற்காலத்தில் மதுரையின் கம்யூனிஸ்ட் தலைவராக விளங்கி, 1967-இல் சட்டமன்றம் சென்றவரும் அவரே.

'வள்ளி திருமண'த்தில் தினைப்புனக் காட்சி உங்களுக்குத் தெரியும். பரண்மீது நின்று வள்ளி ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். அந்தக் காட்சியில் தாஸ் வெள்ளைக் கொக்குப் பாட்டை எடுப்பார். ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள். ஏன்?

தினை தின்ன வருவது கிளியும் குருவியும். கொக்கு மீன் பிடிக்கிற பறவை. அதன் இடம் குளத்தங்கரை. அதற்குத் தினைப்புனத்தில் என்ன வேலை? காடு கழனியில் உழைத்த மக்களுக்கு இந்த ஒரு கேள்வியே போதும். நிறம் வெள்ளை. விளைச்சல் நம்முடையது. வந்திருப்பதோ விரட்ட வேண்டிய பறவை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், வெள்ளைக்காரன் தெரிவான்!

நேரே சொல்ல அன்று வழியில்லை. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், தனக்கு ஆகாத நாடகத்தைத் தடுக்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்தது. ஆகவே பாட்டு வேடம் போட்டுக்கொண்டது. எழுத்தில் பார்த்தால் கொக்கு. காதில் கேட்டால் அந்நிய ஆட்சி. போலீசுக்கும் காது இருந்தது, கைது செய்தார்கள். விடுதலையானதும் தாஸ் மறுபடி மேடையேறினார். 1940 டிசம்பர் 31-இல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார்.

தோழர்களே, எல்லாப் பாட்டிலும் மறைபொருள் தேடி அலையச் சொல்லவில்லை. காதல் பாட்டு காதல் பாட்டாகவே இருக்கலாம். யார் பாடினார், எந்தக் காலத்தில் பாடினார், யாருக்கு அஞ்சி மறைத்தார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தால் மட்டும் உட்பொருள் உண்டென்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது நம் கற்பனை.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தி படிக்கிறார்கள், மராத்தி படிக்கிறார்கள்; நன்றாகப் படிக்கட்டும். ஆனால் தினைப்புனத்தைக் கண்ணால் காணாத பிள்ளைக்குக் கொக்கு வெறும் கொக்குதான். மெட்டு தானாக வந்து சேரும். பொருளை நாம்தான் சொல்லித் தர வேண்டும். பாட்டிமார்களே, அடுத்த முறை பேரப்பிள்ளைக்கு ஒரு பழைய பாட்டுப் பாடும்போது, அது எதற்காகப் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.