வேல் எறிந்த கை



இலக்கியத்தில் நாய் என்றதும் உங்களிற் பலருக்குத் தருமரோடு இமயம் ஏறிய நாயே நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் பேசவே நானும் முதலிற் குறிப்பெடுத்தேன். ஆனால், எங்கள் வீட்டு நாய் அந்தக் குறிப்புகளைக் குழப்பிவிட்டது. ஆகவே, இன்று ஏட்டில் உள்ள நாய்களோடு, இறுப்பிட்டியில் எங்கள் வளவில் நிற்கும் வீமனையும் சேர்த்துக்கொள்ள அனுமதி தாருங்கள்.

வீமன் மூன்று வயதுக் கடுவன். குட்டியாக வந்த நாள் முதல் பகல் முழுவதும் கிணற்றடிப் பூவரசிற் கட்டிக் கிடந்தவன். தபாற்காரர்மீது பாய்ந்தபோது "கெட்டிக்காரன்" என்றோம். சாப்பாட்டுச் சட்டியைத் தொட்ட மருமகனைப் பார்த்து உறுமியபோது சிரித்தோம். "வீமன் நிக்குமட்டும் கள்ளன் எட்டியும் பாரான்" என்று பெருமை பேசினோம். காவல் நாயின் பெருமை நமக்குப் புதிதன்று. அகநானூற்றிலே, பரணர் பாடிய பாட்டொன்றில், இரவில் வரும் தலைவனுக்கு உள்ள இடையூறுகளைத் தலைவி அடுக்கிச் சொல்கிறாள். உறங்காத ஊர், உறங்காத தாய், காவலர் ஆகியோரோடு கூரிய பல்லும் வலப்புறம் சுருண்ட வாலும் உடைய நாயும் அங்கே வருகிறது. ஈராயிரம் ஆண்டாக நாய் குரைப்பதை நாம் விரும்பியே வந்திருக்கிறோம். அது யாரைக் கடிக்கும் என்பதைத்தான் யோசிப்பதில்லை.

புங்குடுதீவில் நல்ல தண்ணீர்க் கிணறு அருமை என்பது நீங்கள் அறிந்ததே. எங்கள் கிணற்றில் அயலிலுள்ள நாலைந்து வீட்டார் குடிதண்ணீர் அள்ளுவது வழக்கம். ஒருநாள் மாலை சங்கிலிக் கொளுக்கி கழன்றிருந்தது. சிறு வாளியோடு வந்த ஏழு வயதுச் சிறுமியின் கெண்டைக்காலை வீமன் கவ்விவிட்டான்.

காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவினோம். மஞ்சளோ கோப்பித்தூளோ வைக்காமல் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். 1885ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரில், லூயி பாஸ்ரர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்ரருக்கு முதன்முதலாக விசர்நாய்க்கடித் தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார். அவர் புண்ணியத்தில் எங்கள் அயற் பிள்ளைக்கும் ஊசி இருந்தது. வீமனுக்கு வருடாந்தம் போடவேண்டிய ஊசியை நாங்கள்தான் தவறவிட்டிருந்தோம். ஆகவே, பதினான்கு நாள் அவனைக் கட்டிவைத்துக் கவனிக்கும்படி சொன்னார்கள். நோய் அவனிடத்தில் இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும் என்பது கணக்கு.

அந்தப் பதினான்கு நாளும் எங்கள் திண்ணையில் ஒரு நீதிமன்றம் நடந்தது. "இறைச்சிக்குள்ளை மருந்து வைச்சுக் குடு, அலுவல் முடிஞ்சிடும்" என்றார் பெரியப்பா. "குறிகாட்டுவான் துறையிலை கொண்டே விடு. நயினாதீவுக்குப் போற சனம் போடுறதைத் திண்டு பிழைக்கும்" என்றார் மைத்துனர். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

1991 ஒக்டோபரில் இராணுவ நடவடிக்கையோடு ஊர் கலைந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. கையில் அகப்பட்டதோடு புறப்பட்டோம். எங்கள் பெட்டை நாய் ஒழுங்கை முகப்பு வரை வந்தது. "போ வீட்டை" என்று அம்மா அதட்டினார். சொல் கேட்டுப் பழகிய நாய் அது, திரும்பிப் போனது. எங்கள் தீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுதியில் ஆளற்றுப்போன ஊரைப் பாடியிருக்கிறார். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒழுங்கை முகப்புத்தான் தெரியும். துறையிற் கொண்டுபோய் விடு என்ற சொல்லை எங்கள் வீட்டில் எவராலும் இலேசாகக் கேட்க முடியாது. போரிலே விட்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. இப்போது விட்டால் என்ன காரணம் சொல்வது? மேலும், துறையிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். கடிக்கிற நாயைக் கொண்டுபோய் விடுவது, நம் வளவுப் பிள்ளையைக் காத்து, பெயர் தெரியாத வேறொரு பிள்ளையிடம் அதை ஏவிவிடுவதாகும்.

அந்த நாட்களில் நான் வகுப்பில் நாலடியார் நடத்திக்கொண்டிருந்தேன். யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்னும் பாட்டு. நன்கு பழகிய பாகனையே யானை கொல்லும். தன்மேல் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும். இருபது வருடம் இதனை நாயின் நன்றிக்கு உதாரணமாகவே கற்பித்து வந்தேன். அன்று பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், அந்த வேலை எறிஞ்சது ஆர்?" என்று கேட்டாள்.

வளர்த்தவன் என்றுதான் உரை சொல்லும். வாலைக் குழைத்த நாயைப் புகழ்ந்து புகழ்ந்து, வேல் எறிந்த கையைப் பற்றி நாம் கேட்க மறந்துவிட்டோம். மூன்று வருடச் சங்கிலியும், தவறவிட்ட ஊசியும், உறுமலுக்குக் கொடுத்த சபாஷும் நாங்கள் எறிந்த வேல்கள். வீமன் வாலைக் குழைக்காமற் கடித்தான், வேறுபாடு அவ்வளவே.

2024 மே மாதத்திற் சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் வளர்ப்பு நாய்களான இரண்டு ரொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பொலிஸார் கைதுசெய்தது உரிமையாளரை. நம் நாட்டிலும் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1901 முதல் இருக்கிறது. நாய்க்குப் பொறுப்பாளி ஒருவர் உண்டு என்பதே அதன் சாரம்.

தருமர் கதைக்கு வருவோம். தன்னை அடைந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக அவர் மறுத்தார். கைவிடாமை அறம் என்பது அதிலிருந்து விளங்குகிறது. ஆனால், அந்த நாய் வழியில் எந்தப் பிள்ளையையும் கடிக்கவில்லை. கடித்திருந்தால் தருமர் என்ன செய்திருப்பார் என்பதற்குப் பாரதத்தில் விடையில்லை. அதை நாமேதான் தேடவேண்டும்.

எனக்கு விடை சொன்னவர் சிறுமியின் தாயார். பத்தாம் நாள் அவரிடம் போய், "நீங்கள் சொல்லுங்கோ, நாயை என்ன செய்ய?" என்று கேட்டேன். "நாயை என்னெண்டாலும் செய்யுங்கோ சேர். நாங்கள் பயமில்லாமல் தண்ணி அள்ள வழியைச் செய்து தாங்கோ" என்றார்.

நான் தலைகுனிந்து திரும்பினேன். இதே புங்குடுதீவிலே, 1971ஆம் ஆண்டு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டவர் எழுத்தாளர் மு. தளையசிங்கம். அவரைப் பற்றி மேடையிற் பேசியிருக்கிறேன். என் கிணற்றடியிலேயே ஒரு நாயைக் கட்டிவிட்டு, எவரும் வந்து அள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். நாயைக் கொல்வதா வளர்ப்பதா என்று பத்து நாள் வாதாடிய எங்களில் ஒருவருக்கும், பிள்ளை இனி எந்த வழியால் வரும் என்ற கேள்வி தோன்றவில்லை.

மிருக வைத்தியரிடம் ஆலோசனை கேட்டோம். "உறுமினால் அடிக்காதேங்கோ; அது அவன் தாற எச்சரிக்கை. அதை அடக்கினால் சொல்லாமல் கடிப்பான்" என்றார். நலமடித்தால் அலைச்சலும் சண்டையும் குறையலாம். மூர்க்கம் முற்றாக நீங்கும் என்று எண்ணவேண்டாம் என்றும் சொன்னார். எல்லாம் செய்தும் திருந்தாவிட்டால், நோகாமல் ஊசியால் முடிப்பதைப் பாவம் என்று தள்ளிவைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

பதினான்காம் நாள் தீர்ப்பெழுதினோம். கிணற்றடிக்கு ஒழுங்கைப் பக்கமாகத் தனிப் படலை வைத்தோம். வளவின் பின்புறம் ஆளுயரக் கம்பிவலை அடித்து, சங்கிலியை அவிழ்த்து, வீமனை அதற்குள் உலாவவிட்டோம். நலமடித்தோம், ஊசி போட்டோம், வெளியே போனால் வாய்க்கு மூடி. இன்னொரு முறை ஓர் ஆளிற் பல் பட்டால் வைத்தியரை அழைப்பது, அன்று நானே அவன் தலையை மடியில் வைத்திருப்பது என்றும் முடிவுசெய்தோம். அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "அதையும் நீதான் செய்யவேணும். வேறை ஆளை விடாதை" என்றார்.

ஏழு மாதம் ஆகிறது. எங்கள் தீர்ப்பு சரிதானா என்று நான் இன்னும் அறியேன். சிறுமி தண்ணீருக்கு வருகிறாள். வலைப்பக்கம் பார்க்காமல் வேகமாக அள்ளிக்கொண்டு போகிறாள். அவள் ஆறுதலாக வாளியை இறக்கிவைத்து நின்று போகிற நாள் ஒன்று வரவேண்டும். அதுவரை எங்கள் வழக்கு முடியவில்லை.

நேயர்களே, உங்கள் படலையிலும் ஒரு வீமன் நிற்கக்கூடும். அவன் வாலைக் குழைக்கிறானா, பல்லைக் காட்டுகிறானா என்று பார்ப்பதற்கு முன், உங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.