மீன்தொட்டியில் நோய் அறியும் முறை

கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்க்கும் பழக்கம் நம் நகரங்களில் பெருகியிருக்கிறது. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் கப்பி, மோலி, ஏஞ்சல், நியான் டெட்ரா முதலிய பலவகை மீன்களை வாங்கிவந்து ஒரே தொட்டியில் விட்டு வளர்ப்போர் பலர். அவற்றுள் ஒன்று சோர்ந்து கிடக்கக் கண்டால், “எந்த மருந்தை ஊற்றலாம்?” என்பதே அவர்களது முதற் கேள்வியாக இருக்கிறது. அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. மாணவ நண்பர்களே, அவற்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

மீன் தன் வலியை வாய்விட்டுச் சொல்லாது. ஆதலின் அதன் நடத்தையே நமக்குச் சாட்சி. நோயின் குறியை அறிய வேண்டுமானால், நலத்தின் குறியை முதலில் அறிந்திருக்க வேண்டும். விடியற்காலையில் விளக்கைப் போட்டவுடன் நியான் டெட்ரா நிறம் வெளுத்துத் தோன்றும், அது நோயன்று. சற்று நேரத்தில் நிறம் திரும்பிவிடும். குராமி அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும். காற்றைச் சுவாசிப்பதற்கென்றே அதற்குத் தனி உறுப்பு உண்டு. ஆண் தங்கமீனின் செவுள் மூடியில் இனப்பெருக்கக் காலத்தில் வெண்மையான சிறு முகிழ்கள் தோன்றும். அவற்றை வெண்புள்ளி நோய் என எண்ணி மருந்திடுவோரும் உண்டு. நாள்தோறும் இரை போடும்போது இரண்டு நிமிடம் நின்று பார்ப்பவருக்கு இந்த மயக்கங்கள் நேரா. இரைக்கு ஓடிவராத மீன், துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்ட மீன், கல்லிலும் மணலிலும் உடலைத் தேய்க்கும் மீன் ஆகியவையே கவனத்துக்கு உரியவை.

அடுத்த கேள்வி மிக முக்கியமானது: துன்பப்படுவது ஒரு மீனா, எல்லா மீன்களுமா? பல இன மீன்கள் ஒரே வேளையில் மூச்சுத் திணறினால், முதலில் ஐயுற வேண்டியது நீரை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கோடைக்காலத்தில் ஒருநாள் காலை மீன்கள் யாவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வீட்டார் மருந்துப் புட்டியைத் தேடினர். விசாரித்தபோது, இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் காற்றுக்குழாய் நின்றுபோனது தெரியவந்தது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கோடையில் காற்றும் நின்றுவிட்டால் மீன் என்ன செய்யும்? குழாய் மீண்டும் ஓடியதும் அவை தெளிந்தன. மருந்து தேவைப்படவில்லை.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பகை அமோனியா. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. வடிகட்டியிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த ஏற்பாடு நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதற்குள் மீன்களை நிறைய விட்டால் செவுள்கள் புண்பட்டுச் சிவக்கும். நைட்ரைட்டோ, குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளைக் கெடுத்து, நீரில் காற்றிருந்தும் மீனை மூச்சுமுட்டச் செய்யும். நீர் தெளிவாயிருப்பது அது தூயது என்பதற்குச் சான்றாகாது. கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் பார்த்தால் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருத்தல் வேண்டும்.

ஒரு மீன் மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், அதன் அண்டை அயலாரைக் கவனியுங்கள். டைகர் பார்ப் மீன் ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பைக் கடித்துக் கிழிக்கும் இயல்புடையது. அந்நோய்க்கு மருந்து, இரண்டையும் பிரித்து வைப்பதே.

நீரும் நன்று, அயலாரும் நல்லவர் என்றால், பின்னர் உடலைப் பாருங்கள். உப்புத்தூள் தூவினாற்போல் வெண்புள்ளிகள் காணப்பட்டால் அது ‘இக்’ எனப்படும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். இதன் வாழ்க்கை அறியத்தக்கது. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளர்ந்து, பின் உதிர்ந்து தொட்டியின் அடியில் தங்கி, உறை கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதனைக் கொல்லும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவோர், அடியில் உறைக்குள் இருக்கும் பகையை மறந்தவராவர். சில நாட்களில் புள்ளிகள் பன்மடங்காகத் திரும்பும். பஞ்சு போன்ற படலம் பழைய புண்ணின்மேல் வளர்ந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். வாயோரத்தில் தோன்றினால் பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. தோற்றம் ஒன்றாயினும் மருந்து வேறு. செதில்கள் விரிந்து நிற்க வயிறு வீங்குவது தனி நோயன்று. உள்ளுறுப்புக் கெட்டதன் அறிகுறி. அந்நிலையில் பிழைப்பது அரிது.

ஐயம் நீங்காதபோது என்ன செய்வது? தொட்டி நீரில் கால்பங்கை மாற்றுங்கள்; ஊற்றும் நீரில் குளோரின் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டியைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். இல்லையேல் நமக்கு உழைக்கும் பாக்டீரியாக்கள் மடியும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்திடுங்கள். பொதுத் தொட்டியில் இடும் மருந்தை நோயற்ற மீனும் சேர்ந்து குடிக்கிறது. செம்பு கலந்த மருந்து நத்தைகளைக் கொன்றுவிடும். புதிதாக வாங்கிய மீனை நான்கு வாரங்கள் தனியே வைத்த பின்னரே மற்றவற்றுடன் சேருங்கள்.

ஒரு குறிப்பேட்டில் நாள், வெப்பம், நீர் மாற்றிய அளவு, கண்ட குறி ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஆற்றில் வாழும் மீன், நீர் கெட்டால் வேறிடம் நீந்திச் செல்லும். தொட்டி மீனுக்கு அவ்வழியை நாம் அடைத்துவிட்டோம். ஆகவே அதன் பொருட்டுக் கவனிப்பதும், காரணம் அறிந்த பின்னரே கைவைப்பதும் நம்முடைய கடமையாகின்றன.